பழைய காரில் பவர் ஸ்டியரிங் கோளாறு: ரெக்கை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

இலங்கையில் 2020ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கொழும்பில் கார் வைத்திருந்தவர்களில் பலர், கையில் இருந்த பழைய வண்டியையே பேணிக் காப்பாற்றவேண்டிய நிலைக்கு வந்தார்கள். அதனால்தான் தொண்ணூறுகளில் வந்த டொயோட்டா கொரொல்லா, நிசான் சன்னி, மிட்சுபிஷி லான்சர் போன்ற கார்கள் காலி வீதியிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் இன்னும் அன்றாடம் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவ்வளவு வயதான காரில் எஞ்சினைக்கூட ஒருவாறு நம்பலாம். ரப்பரால் செய்யப்பட்ட சீல்களையும் குழாய்களையும் நம்ப முடியாது. பவர் ஸ்டியரிங் முழுக்க முழுக்க அவற்றின் தயவிலேயே இயங்குகிறது.

ஸ்டியரிங் இறுகிவிட்டது என்று கராஜுக்குப் போனால், பல இடங்களில் முதலாவதாகக் கேட்கும் பதில் "ரெக் போய்விட்டது, மாற்றவேண்டும்" என்பதாகத்தான் இருக்கும். ரெக் என்பது ஸ்டியரிங்கின் சுழற்சியை இட வல அசைவாக மாற்றி முன் சில்லுகளைத் திருப்பும் நீண்ட தண்டும் அதன் கூடும். இந்த அமைப்பிலேயே அதிக விலையுள்ள பாகம் அதுதான். அதைக் கழற்றிப் பூட்டும் கூலியும் குறைவல்ல. ஆனால் ஸ்டியரிங் இறுகுவதற்கும் சத்தம் போடுவதற்கும் காரணமாக இருக்கக்கூடியவற்றுள் ரெக் கடைசியாகச் சந்தேகிக்கப்படவேண்டிய ஒன்று. செலவு குறைந்ததிலிருந்து செலவு கூடியதை நோக்கி ஒழுங்காகப் பார்த்துக்கொண்டு போனால், அரைவாசிக்கு மேற்பட்ட சோதனைகளை வாகன வேலை தெரியாத ஒருவரே வீட்டு வாசலில் செய்துவிடலாம். அந்த ஒழுங்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் காரில் இருப்பது எந்த வகை

பொனட்டைத் திறந்து, மூடியில் ஸ்டியரிங் படம் போட்ட ஒரு சிறிய பிளாஸ்டிக் தொட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் கார் ஒயில் அமுக்கத்தால் இயங்கும் ஹைட்ரோலிக் வகையைச் சேர்ந்தது. தொட்டியே இல்லாமல், ஆனால் ஸ்டியரிங் இலகுவாகத் திரும்பும் காராக இருந்தால், அது மின் மோட்டரால் இயங்கும் வகை. பழைய கார்களில் பெரும்பாலானவை முதலாவது வகை என்பதால் கட்டுரையின் பெரும்பகுதியும் அதைப் பற்றியதே. மின் வகையைப் பற்றி இறுதியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஹைட்ரோலிக் வகையின் இயக்கம் சிக்கலானது அல்ல. எஞ்சின் ஒரு பெல்ட்டின் மூலம் பம்பைச் சுழற்றுகிறது. பம்ப் தொட்டியிலிருந்து ஒயிலை உறிஞ்சி, அமுக்கக் குழாய் வழியாக ரெக்குக்கு அனுப்புகிறது. நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது, ரெக்கின் தலைப்பகுதியில் உள்ள வால்வு, திரும்பும் திசைக்கு ஏற்ப ரெக்கின் ஒரு பக்க அறைக்கு ஒயிலை விடுகிறது. மற்றப் பக்கத்து ஒயில் திரும்பு குழாய் வழியாகத் தொட்டிக்கு வந்து சேர்கிறது. நேராக ஓடும்போது அமுக்கம் மிகக் குறைவு. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது சிறிய கார்களில்கூட அது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் இறாத்தல்வரை ஏறும். பெற்றோல் செட்டில் டயருக்கு அடிக்கும் காற்றோ 30 இறாத்தல்தான். பழைய குழாய் ஒன்று ஏன் நிறுத்துமிடத்தில் வண்டியைத் திருப்பும்போதே வெடிக்கிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

ஆகவே வேலையைத் தொடங்குமுன் சில எச்சரிக்கைகளைக் கட்டாயம் மனதில் கொள்ளவேண்டும். எஞ்சின் ஓடும்போது பெல்ட்டுக்கோ குழாய்களுக்கோ அருகில் கையைக் கொண்டுபோகக் கூடாது. ரேடியேட்டரின் மின் விசிறி எஞ்சின் நின்ற பிறகும் தானாகச் சுழலத் தொடங்கலாம். ஒழுகும் குழாயை எஞ்சின் ஓடும்போது விரலால் தடவிப் பார்க்கவே வேண்டாம். அந்த அமுக்கத்தில் பீறிடும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடியது. ஒயில் சூடான புகைக்குழாயில் விழுந்தால் தீப்பற்றும் ஆபத்தும் உண்டு. காரை உயர்த்தும்போது சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, பின் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஜக்கை மட்டும் நம்பாமல் தாங்கிகளின்மீது இறக்குங்கள். அடுக்குமாடிகளின் சாய்வான நுழைபாதையில் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

கோளாறு எப்போது வருகிறது

ஒரு கருவியையும் தொடுவதற்கு முன், இரண்டு மூன்று நாட்கள் கவனித்து ஓட்டுங்கள். "ஸ்டியரிங் பாரமாக இருக்கிறது" என்ற ஒரே முறைப்பாட்டுக்குப் பின்னால் முற்றிலும் வேறுபட்ட காரணங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டுவது அந்தப் பாரம் வரும் நேரம்தான். இரு பக்கமும் எந்நேரமும் பாரமாக இருந்தால் டயர், ஒயில், பெல்ட், பம்ப் என்ற வரிசையில் சந்தேகிக்கலாம். இடப்பக்கம் இலகுவாகவும் வலப்பக்கம் பாரமாகவும் (அல்லது மறுவளமாகவும்) இருந்தால், இரு பக்கத்துக்கும் பொதுவான பம்பைக் குற்றம் சொல்ல முடியாது. ரெக்கின் உள்ளே ஒயில் கசிந்து மறுபக்கம் போகிறது அல்லது வால்வு தேய்ந்திருக்கிறது. காலையில் எடுக்கும்போது பாரமாக இருந்து, சிறிது தூரம் ஓடிச் சூடேறியதும் இலகுவாகிவிட்டால் அதுவும் பெரும்பாலும் ரெக்கின் உட்புறத் தேய்மானத்தையே காட்டும். மழை நாளில் மட்டும் வரும் கோளாறென்றால் பெல்ட்டைப் பாருங்கள். திரும்பிய பிறகு ஸ்டியரிங் தானாக நேருக்கு வர மறுத்தால், காரணம் ஒயிலில் அல்லாமல் எங்கோ இறுகிப்போன ஓர் இணைப்பில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

சத்தங்களும் அவ்வாறே. திருப்பும் கணத்தில் "கீச்" என்று கத்துவது பெல்ட் வழுக்கும் சத்தம். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் முனகல், ஒயில் குறைவையோ, ஒயிலில் காற்றுக் கலந்திருப்பதையோ, பம்பின் தேய்மானத்தையோ காட்டும். பள்ளத்தில் விழும்போது "டொக்" என்று கைக்குத் தட்டுப்பட்டால் அது ரெக்கைச் சில்லுகளோடு இணைக்கும் மூட்டுகளான டை ரொட் எண்ட், ரெக் எண்ட் அல்லது ரெக்கைத் தாங்கும் ரெக் புஷ் தேய்ந்ததன் அடையாளம். முழுதாக ஒடித்துப் பிடிக்கும்போது மட்டும் கேட்கும் "உஸ்" என்ற ஓசை கோளாறே அல்ல. அமுக்கம் எல்லை மீறும்போது அதை விடுவிக்கும் வால்வின் ஓசை அது. ஆனால் அந்த நிலையில் சில விநாடிகளுக்கு மேல் பிடித்து வைத்திருப்பது பம்பைச் சூடாக்கிக் கெடுக்கும். நெருக்கமான நிறுத்துமிடங்களில் பழகிய சாரதிகளிடம் இந்தப் பழக்கம் மிகுதியாக இருக்கிறது.

டயரும் ஒயிலும்

முன் டயர்களின் காற்றை, டயர்கள் சூடேறாத வேளையில், கதவோரத்தில் ஒட்டப்பட்டிருக்கும் அளவுப்படி சரிபாருங்கள். 30 இறாத்தல் இருக்கவேண்டிய இடத்தில் 20 இருந்தால் எந்த ஸ்டியரிங்கும் பாரமாகத்தான் இருக்கும். அழகுக்காக அகலமான டயர் போட்ட கார்களில் அந்தப் பாரம் டயரோடு வந்தது. அதற்குத் திருத்தம் கிடையாது.

அடுத்து தொட்டி. சில மூடிகளில் அளவுகோல் ஒன்று ஒட்டியிருக்கும். சில தொட்டிகளின் வெளிப்புறத்திலேயே கோடுகள் இருக்கும். சூடான நிலைக்கு ஒரு கோடும் குளிர்ந்த நிலைக்கு இன்னொரு கோடும் தனித்தனியாக இருப்பதால், எந்த நிலையில் பார்க்கிறீர்களோ அந்தக் கோட்டையே கணக்கில் எடுங்கள். மட்டத்தைப் பார்த்ததோடு நிறுத்தாமல், ஒயிலில் ஒரு துளியை வெள்ளைக் காகிதத்தில் விட்டுப் பாருங்கள். நல்ல நிலையிலுள்ள ஒயில் தெளிவான சிவப்பாகப் பரவும். கறுத்து, கருகிய மணத்தோடு, நடுவில் பொடிபோன்ற கறை விட்டுப் பரவினால் சீல்களும் குழாய்களின் உட்சுவரும் கரைந்து வருகின்றன என்று பொருள். பழைய கார்களில் பலருக்கும் தெரியாத ஒன்று, தொட்டியின் அடியில் உள்ள வலை. அதில் இந்தக் கசடு அடைத்துக்கொண்டால், மட்டம் சரியாக இருந்தும் பம்புக்குப் போதிய ஒயில் கிடைக்காமல் முனகும். தொட்டியைக் கழற்றிக் கழுவி, திரும்பு குழாயைப் போத்தல் ஒன்றுக்குள் விட்டுப் பழைய ஒயிலை வெளியேற்றிப் புதிதை நிரப்பியதோடு சத்தம் அடங்கிய கார்கள் பல.

நிரப்புவதற்கு எந்த ஒயில் என்பதில் ஊகத்துக்கு இடமில்லை. பழைய டொயோட்டா கார்கள் பலவற்றில் டெக்ஸ்ரோன் 2 அல்லது 3 வகை ஓட்டோ கியர் ஒயிலே, அதாவது ஏ.டி.எஃப். என்று கடைகளில் கேட்கும் சிவப்பு ஒயிலே, பயன்படுகிறது. ஹொண்டா கார்களுக்கு அந்த நிறுவனத்தின் பவர் ஸ்டியரிங் ஒயில் தனியாக உண்டு, அவற்றில் ஏ.டி.எஃப். ஊற்றினால் சீல்கள் கெடும். சில ஐரோப்பியக் கார்களுக்குப் பச்சை நிற ஒயில் வேறாக இருக்கிறது. மூடியில் எழுதியிருப்பதையோ கையேட்டையோ பாருங்கள். பிரேக் ஒயிலை எக்காரணம் கொண்டும் இதற்குள் ஊற்றக் கூடாது. அது சீல்களை ஊதவைத்து முழு அமைப்பையுமே நாசமாக்கிவிடும். கசிவை நிறுத்தும் என்று விற்கப்படும் மருந்துப் போத்தல்களையும் நான் பரிந்துரைப்பதில்லை. அவை சீலைச் சிறிது காலம் ஊதவைக்கின்றன. தேய்ந்த பாகத்தைத் திருப்பித் தருவதில்லை.

பெல்ட்

எஞ்சினை நிறுத்திவிட்டு, பெல்ட்டின் உட்புறத்தை டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். வெடிப்பும் கண்ணாடிபோன்ற மினுக்கமும் இருந்தால் மாற்றவேண்டியதுதான், விலை பெரிதல்ல. இரு கப்பிகளுக்கு நடுவில் கட்டைவிரலால் பலமாக அழுத்தும்போது ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் தாழ்ந்தால் இறுக்கம் பொதுவாகச் சரி. அளவுக்கு மீறி இறுக்கினால் பம்பின் பெயரிங் போய்விடும். ஆமர் வீதி போன்ற இடங்களில் மழை வெள்ளத்துக்குள் ஓட்டிய உடனே ஸ்டியரிங் திடீரென்று இறுகிச் சில நிமிடங்களில் சரியாவது, நனைந்த பெல்ட் வழுக்குவதனால்தான். நல்ல பெல்ட்டும் வெள்ளத்தில் சிறிது வழுக்கும். ஆனால் சாதாரணத் தூறலுக்கே கத்தும் பெல்ட் தளர்ந்தது அல்லது தேய்ந்தது.

கசிவைத் தேடுவது

ஒயில் மட்டம் குறைந்திருந்தால் அது எங்கோ வெளியேறியிருக்கிறது. பவர் ஸ்டியரிங் ஒயில் எரிந்து தீர்வதில்லை. எனவே "அடிக்கடி ஊற்றிக்கொண்டு ஓடலாம்" என்ற ஆலோசனையை ஏற்காமல் கசிவைத் தேடுங்கள். இரவு முழுவதும் காரின் முன்பாகத்துக்குக் கீழே ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள். சில்லுகள் எங்கே நின்றன என்பதையும் அட்டையில் குறித்துக்கொண்டால் காலையில் துளி விழுந்த இடத்துக்கு நேர் மேலே தேடலாம். சிவப்புத் துளியைக் கண்டவுடன் முடிவுக்கு வரவும் வேண்டாம். ஓட்டோ கியர் கார்களில் கியர்பெட்டி ஒயிலும் சிவப்பே. டொயோட்டாவின் ரேடியேட்டர் கூலண்டும் சிவப்பே. கூலண்ட் தண்ணீர்போல் விரலில் வழுக்காமல் ஓடி, இனித்த மணம் தரும். ஒயில் வழுவழுப்பாக ஒட்டும். கியர் ஒயிலா ஸ்டியரிங் ஒயிலா என்பது எந்த மட்டம் குறைகிறது என்பதைக் கொண்டே தெரியவரும்.

எஞ்சின் பகுதி முழுவதும் பழைய எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் முதலில் கழுவிக் காயவிட்டு, இரண்டு நாள் ஓட்டிய பிறகு பாருங்கள். புதிதாக நனைந்திருக்கும் மிக உயரமான இடமே கசிவின் ஊற்று. அதற்குக் கீழே உள்ளவை எல்லாம் வழிந்து நனைந்தவை. பம்பின் கப்பிக்குப் பின்னால் ஈரம் இருந்தால் பம்பின் அச்சுச் சீல். அமுக்கக் குழாயின் ரப்பரும் உலோகமும் சேரும் வளையத்தில் ஈரம் இருந்தால் குழாய். கடலோரமாக, குறிப்பாக மரைன் டிரைவ் பக்கத்தில் நாள்தோறும் நிறுத்தப்படும் கார்களில், உப்புக் காற்றினால் இரும்புக் குழாய்கள் தாங்கும் கிளிப்புக்கு அடியில் துருப்பிடித்து ஊசித் துவாரம் விழுவதும் உண்டு. கிளிப்பைக் கழற்றாமல் அது கண்ணில் படாது.

ரெக்கின் இரு முனைகளிலும் அக்கோர்டியன்போல் மடிப்பு மடிப்பாக ரப்பர் பூட் இருக்கும். முன் பக்கத்தை உயர்த்தித் தாங்கியில் நிறுத்திய பின், அந்தப் பூட்டை விரல்களால் மெல்லப் பிசைந்து பாருங்கள். வெறும் காற்றுப் போல நெகிழ்ந்தால் நல்லது. உள்ளே திரவம் தளும்புவது கையில் தெரிந்தாலோ, சிறிய முனையின் கிளிப்பைத் தளர்த்தியதும் சிவப்பு ஒயில் வடிந்தாலோ, ரெக்கின் முனைச் சீல் போய்விட்டது. ரெக்கைக் கழற்றவேண்டும் என்று ஒரு கராஜ் சொல்லும்போது நீங்கள் கண்ணால் பார்க்கக் கேட்கவேண்டிய சான்று இதுதான்.

துளி விழாத கசிவு

மிகவும் ஏமாற்றும் கோளாறு இது. தொட்டியிலிருந்து பம்புக்குப் போகும் குழாயில் அமுக்கம் இல்லை, உறிஞ்சல்தான் இருக்கிறது. அந்தக் குழாயின் கிளிப் தளர்ந்தாலோ ரப்பர் கல்லாக இறுகிப்போனாலோ, ஒயில் வெளியே வருவதைவிடக் காற்று உள்ளே போவதே அதிகம். தரையில் துளி இருக்காது, மட்டம் பெரிதாகக் குறையாது. ஆனால் பம்ப் முனகும், ஸ்டியரிங் விட்டுவிட்டு இறுகும். மூடியைத் திறந்து, இன்னொருவரைக் கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்பச்செய்து தொட்டிக்குள் பாருங்கள். தெளிவான சிவப்பு, மாதுளம்பழச் சாற்றில் பால் கலந்ததுபோல் வெளிறி நுரைத்தால் காற்று இருக்கிறது. இன்னொரு சோதனை: எஞ்சின் ஓடும்போது மட்டத்தைக் குறித்து, நிறுத்திய உடனே மறுபடியும் பாருங்கள். 5 மில்லிமீற்றருக்கு மேல் உயர்ந்தால், உள்ளே அமுங்கியிருந்த காற்று விரிந்துவிட்டது என்றே பொருள். பம்பையே மாற்றவேண்டும் என்று சொல்லப்பட்ட கார்கள் இந்த ஒரு முழக் குழாயையும் இரண்டு கிளிப்புகளையும் மாற்றியதோடு சீராகியிருக்கின்றன. அதனால்தான் இதைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

காற்றை வெளியேற்ற, முன் சில்லுகளைத் தரையிலிருந்து உயர்த்தி, எஞ்சினை ஓடவிடாமல், தொட்டியைக் குளிர் கோடுவரை நிரப்பி, ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மெதுவாகப் பதினைந்து இருபது தடவை திருப்புங்கள். மட்டம் இறங்க இறங்க ஒருவர் ஊற்றிக்கொண்டிருக்கவேண்டும். குமிழிகள் நின்ற பிறகு எஞ்சினை இயக்கி, வேகம் கொடுக்காமல், கோடியில் பிடித்து வைக்காமல், இன்னும் சில தடவை திருப்புங்கள். ஒயில் தெளியாமல் நுரைத்துக்கொண்டே இருந்தால் காற்று உள்ளே போகும் வழி இன்னும் அடைபடவில்லை.

ஒயில் சம்பந்தப்படாத இறுக்கம்

சில்லுகள் உயர்ந்திருக்கும்போதே எஞ்சினை நிறுத்தி, ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பாருங்கள். தரையின் பிடி இல்லாததால் அது ஓரளவு இலகுவாகவும் முழுத் தூரமும் ஒரே சீராகவும் திரும்பவேண்டும். இடையிடையே சிக்கினால் சில்லைத் தாங்கும் கீழ்ப் பந்து மூட்டு (போல் ஜொயின்ட்), ஷொக் அப்சோபரின் மேல் மவுண்ட், அல்லது சாரதியின் காலடியில் ஸ்டியரிங் தண்டை ரெக்கோடு இணைக்கும் ஜொயின்ட் துருப்பிடித்து இறுகியிருக்கலாம். டை ரொட் எண்டுகளைக் கழற்றிவிட்டுத் திருப்பினால் எந்தப் பக்கம் குற்றம் என்று பிரிந்துவிடும். இது கராஜில் செய்யவேண்டியது.

கராஜில் கேட்கவேண்டிய ஒரே சோதனை

மேற்சொன்ன யாவும் சரியாக இருந்தும் ஸ்டியரிங் பாரமாகவே இருந்தால், எஞ்சியிருப்பவை பம்பும் ரெக்கும்தான். இவற்றைப் பிரித்தறிய அமுக்கமானியைப் பம்புக்கும் ரெக்குக்கும் நடுவில் பூட்டுவார்கள். அதிலுள்ள வால்வை ஐந்து விநாடிக்கு மேற்படாமல் மூடும்போது, அந்தக் காருக்கு உரிய அமுக்கம் வராவிட்டால் பம்ப் பலவீனம். அமுக்கம் வந்து, வால்வைத் திறந்து ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது மட்டும் குறைந்தால் ரெக் உள்ளே கசிகிறது. இந்தக் கருவி இல்லாமல், காதால் கேட்டே பம்பையோ ரெக்கையோ மாற்றச் சொல்லும் இடத்தில் பணத்தைக் கொடுக்காதீர்கள். திருப்பும்போது எஞ்சின் நின்றுபோவது மட்டுமே முறைப்பாடு என்றால், அமுக்கக் குழாயில் உள்ள சிறிய சுவிட்சையும் அதன் வயரையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

பாகம் தேவை என்று உறுதியான பிறகு, கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போகலாம். அங்கே கிடைக்கும் ரெக்கண்டிஷன் ரெக்கும் உங்களுடையதைப்போல வயதானதாகவே இருக்கும் என்பதால், கையில் எடுத்துப் பார்த்தே வாங்குங்கள். ரப்பர் பூட்டை விலக்கி, ரெக்கின் தண்டில் துருப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தடக்கினால் அந்தத் தண்டு புதுச் சீலையும் கிழித்துவிடும், அதை வாங்க வேண்டாம். ரெக்கின் தலைப்பகுதியைச் சுற்றினால் கோடிவரை சொரசொரப்பின்றி ஓடவேண்டும். பழைய ரெக்கை உடன் கொண்டுபோய் நீளத்தையும் குழாய் வாய்களையும் ஒப்பிடுங்கள். தண்டு நன்றாக இருந்தால் உங்கள் ரெக்குக்கே சீல் தொகுதி போடுவது, தெரியாத காரிலிருந்து வந்த ஒன்றை நம்புவதைவிட மேல் என்பது என் கருத்து. அமுக்கக் குழாயைப் புதிதாகச் செய்விப்பதென்றால், ஹைட்ரோலிக் குழாய் அழுத்திக் கொடுக்கும் கடையில், பவர் ஸ்டியரிங் அமுக்கத்தைத் தாங்கும் குழாய்தானா என்று கேட்டு, பழைய வளைவும் நீளமும் மாறாமல் செய்விக்கவேண்டும்.

மின் வகையாக இருந்தால்

இதில் ஒயிலும் பெல்ட்டும் இல்லை. எனவே பட்டரியிலிருந்து தொடங்குங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது 12.6 வொல்ட் அளவிலும், ஓடும்போது 13.8 முதல் 14.5 வொல்ட்டுக்குள்ளும் இருக்கவேண்டும். பட்டரியின் முனைகளும் உடலோடு பூட்டிய நெகட்டிவ் வயரும் சுத்தமாக இருக்கவேண்டும். டேஷ்போர்டில் ஸ்டியரிங் விளக்கு எரிந்தால், ஃபியூஸைப் பார்த்த பின் ஸ்கேனரில் பிழைக் குறியை வாசிக்கவேண்டும். ஊகத்தில் மோட்டரை மாற்ற வேண்டாம். நிறுத்துமிடத்தில் பல தடவை ஒடித்தபின் சிறிது பாரமாகி, ஆறியதும் சரியானால் அது மோட்டர் சூடாகாமல் தன்னைக் காத்துக்கொள்வதே.

எந்த வகையானாலும், ஓடும்போது உதவி திடீரென்று நின்றால் பதற்றப்பட வேண்டாம். ஸ்டியரிங்குக்கும் சில்லுக்கும் உள்ள இணைப்பு அறுவதில்லை. இரு கைகளாலும் பலமாகப் பிடித்துத் திருப்பினால் கார் திரும்பும். வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்தி, பொனட்டுக்குக் கீழிருந்து புகை வருகிறதா, தொட்டி வெறுமையாகிவிட்டதா என்று பாருங்கள். தொட்டி வெறுமையென்றால் காரைக் கட்டியிழுத்துக் கொண்டுபோவதே நல்லது; ஒயில் இல்லாமல் சுழலும் பம்ப் விரைவிலேயே கருகி, அதன் உலோகத் துகள்கள் நல்ல ரெக்குக்குள்ளும் போய்விடும். திருத்தம் முடிந்த பின் வீல் எலைன்மென்ட் பார்ப்பித்து, முதல் வாரம் முழுவதும் ஒவ்வொரு காலையும், எஞ்சினை இயக்குமுன், குளிர் கோட்டில் மட்டத்தைச் சரிபாருங்கள்.